பதினைந்தாம் தேதி

போன வியாழக்கிழமை எங்கள் பள்ளியில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் படிக்கும் மாணவர்கள் 36 பேரைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போய் வந்தேன். நிதித் துறையில் அரசாங்கம் என்னென்ன அலுவலகங்கள் வைத்திருக்கிறது, அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று காட்டுவதற்கான பயணம். கணக்கியல் பாடம் எடுப்பவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சுங்கை சிப்புட்டில் அதிகாலை நாலரைக்குப் பேருந்து என்றதும், பிள்ளைகள் எழுந்து வருவார்களா என்று சக ஆசிரியர்களுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் அதிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அம்மா இருக்கும் வீட்டில் நாலு மணிக்கு மேல் யாரும் தூங்க முடியாது. நான் வளர்ந்ததும் அப்படி ஒரு லயத்து வீட்டில்தான். பிள்ளைகள் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், பேருந்துதான் தாமதம். தாப்பாவில் நிறுத்தி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது விடிந்திருந்தது.

முதலில் சாசானா கிஜாங் கட்டடத்தில் இருக்கும், மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம். வங்கி 1959 ஜனவரி 26-இல் தொடங்கியது முதல் எல்லாவற்றையும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வங்கி மூழ்கிப்போனால் நம் பணம் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். பி.ஐ.டி.எம் என்ற அமைப்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை பாதுகாப்புத் தருகிறது என்றார்கள். அதற்கு மேல் வைத்திருந்து கவலைப்படுகிற ஆள் எங்கள் தோட்டத்துப் பக்கம் இல்லை.

நான் நின்றுவிட்டது நாணயக் கூடத்தில். முதலை, ஆமை வடிவில் வார்த்த ஈயக் காசுகளைத் தாண்டினால் ஜப்பான்காரன் காலத்து நோட்டு. பத்து டாலர் தாளில் வாழைமரம் குலை தள்ளி நிற்கிறது. என் பாட்டி இதைத்தான் மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து வைத்திருந்தாராம். இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள், பின்னால் வந்த தாள்களில் வரிசை எண்கூடக் கிடையாது. 1945-இல் ஜப்பான்காரன் போனதும் எல்லாம் செல்லாக்காசு. "அடுப்புப் பத்தவைக்கத்தான் ஆச்சு" என்று பாட்டி சிரித்தபடி சொல்வார். ஆனால் அதற்கப்புறம் அவர் கையில் சேர்ந்ததெல்லாம் காதுக்கும் கழுத்துக்கும்தான் போனது.

அடுத்தது ஏ.கே.பி.கே. கடனில் சிக்கியவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்லி, திருப்பிக் கட்டத் திட்டம் போட்டுத் தருவதற்காகப் பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு. பேசிய அதிகாரி கடன் அட்டை, வட்டி முதலை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உங்கள் வீட்டில் யாராவது குத்து விளையாடுகிறார்களா?" என்று மலாயில் கேட்டார். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, மொத்தத்தையும் முறைவைத்து ஒருவர் எடுக்கும் சீட்டை நாம் கூட்டு என்கிறோம், அதைத்தான் அவர்கள் குத்து என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மலாயில் பேன் என்றும் ஒரு பொருள் உண்டு, அது வேறு விஷயம்.

ஒரு கை உயரவில்லை. 36 தலையும் குனிந்திருந்தன. அதில் மூன்று பேரின் அம்மாக்கள் என் அம்மாவிடம் கூட்டு கட்டுகிறவர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது, அவ்வளவு பெருமை நமக்கு. கூட்டுத் தலைவி ஓடிவிட்டால் எங்கே போய் முறையிடுவீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டதும் நியாயம்தான். என் அம்மா கமிஷன் எடுப்பதில்லை. 12 பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி, மைலோ டின்னில் சீட்டுக் குலுக்கி 2,400 வெள்ளி ஒருவருக்கு. சட்டம் பேசுகிறவர்கள் அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊழியர் சேமநிதி வாரியம். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப்பேர் தூங்குவார்கள் என்று நினைத்தேன். 1951-இல் தொடங்கிய கதை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் அதிகாரி பலகையில் ஒரு கணக்குப் போட்டார். சம்பளம் 1,700 வெள்ளி. தொழிலாளியிடம் 11 விழுக்காடு, அது 187. முதலாளி போட வேண்டியது 13 விழுக்காடு, 221. ஆக மாதம் 408 வெள்ளி. "இது அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கணக்கில் ஏற வேண்டும். யாராவது பார்க்க வேண்டுமானால் இப்போதே கைப்பேசியில் பார்க்கலாம்."

கடைசி வரிசைப் பையன் ஒருவன், அம்மாவின் கணக்கு அவனுடைய கைப்பேசியில்தான் இருக்கிறது, திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், இதுல ரெண்டு வருஷமா ஒன்னுமே ஏறல."

அவன் அம்மா குத்தகைக்காரர் ஒருவரிடம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறவர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. அந்த ஆள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதிகாரியிடம் நான்தான் கேட்டேன், யாரோ ஒருவருக்கு இப்படி இருந்தால் என்ன செய்வது என்று. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம், புகார் கொடுக்கலாம், அமலாக்க அதிகாரிகள் நேரில் போய்ச் சம்பளப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், நீதிமன்றம் வரைக்கும் போகும் என்றார்.

காலையிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் அப்போது கை தூக்கினாள். "அந்தப் புத்தகத்தப் பார்க்கப் போற வேலைக்கு என்ன படிக்கணும்?"

அன்று முழுக்க உருப்படியாக வந்த தொழில் கேள்வி அது ஒன்றுதான். கணக்கியல், சட்டம், வணிகம் என்று அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். உபகாரச்சம்பளம், மேல்படிப்பு என்று நான் ஒரு மாதமாகத் தயாரித்து வைத்திருந்த தாள்களை யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அந்தப் பையன் எனக்கு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தான். பீடோர் தாண்டும் வரைக்கும் பேசவில்லை. "அம்மாகிட்ட இப்பவே போன்ல சொல்லட்டுமா, வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டுமா டீச்சர்?" வீட்டுக்குப் போய், சாப்பிட்ட பிறகு சொல் என்றேன். அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டு அவன் அம்மாவை ஈப்போ கிளைக்குக் கூட்டிப்போனேன். சம்பளச் சீட்டு இருக்கிறதா அக்கா என்று கேட்டதற்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இரண்டு வருஷச் சீட்டுகள், மாத வாரியாக, ரப்பர் வளையம் போட்டு. கூடவே ஒரு சின்ன நோட்டு. எந்தத் தேதியில் எத்தனை மூட்டை பொறுக்கினார் என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். என் மாணவர்களில் பாதிப்பேர் பேரேட்டை இவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார்கள். முகப்பில் இருந்தவர் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு ஒரு புகார் எண் கொடுத்தார். இனிமேல் காத்திருக்க வேண்டும்.

இன்றைக்கு 15. அம்மா மைலோ டின்னோடு வீட்டு முன் ஐந்தடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டுப் பணம் கொடுக்க அந்த அக்காவும் வந்திருந்தார், எனக்கு முன்னாடியே. என் 200 வெள்ளியை அம்மா எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார், பெற்ற மகள் என்றும் பார்க்காமல். அப்புறம்தான் என் பெயருக்கு நேரே கோடு போட்டார்.