வேலிப் பலகையில் ஒரு பூசணிக்காய்

செப்ரெம்பர் பாதி கடந்ததும் கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம் தெருக்களில் வாசற்படிகள் வேடம் மாற்றிக்கொள்ளும். வைக்கோல் கட்டு, செவ்வந்தித் தொட்டி, செம்மஞ்சள் பூசணிக்காய். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் நாள், 31ஆம் திகதி ஹலோவீன், அதுவரை இந்தக் கோலம் தொடரும். புதிதாக வந்து பேஸ்மென்ரில் குடியிருப்பவர்களும் வாசலில் ஏதாவது வைக்க ஆசைப்படுவார்கள். உண்மைப் பூசணியை வைத்தால் அணில் சில நாளிலேயே குடைந்துவிடும். மிச்சத்தை உறைபனி கூழாக்கும். மரத்தில் செய்தது பல இலையுதிர் காலம் வரும், மரமும் பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும்.

எதை எடுப்பது என்பதுதான் பாதி வேலை. முதலிடம் பழைய சீடர் (cedar) மரத்து வேலிப் பலகைக்கு. வேலி மாற்றும் வீடுகளில் அது குவிந்து கிடக்கும். வீட்டுக்காரரையோ வேலை செய்பவரையோ கேட்டால் பெரும்பாலும் "எடுத்துக்கொண்டு போ" என்பார்கள், ஏற்றிப்போகும் கூலி அவர்களுக்கு மிச்சம். கேட்காமல் குப்பைத் தொட்டியில் கைவைப்பது கூடாது, அதிலுள்ளதும் ஒருவருடைய சொத்துத்தான். மழையிலும் வெயிலிலும் நின்று வெள்ளிச் சாம்பல் நிறமான பலகைக்கு நீங்கள் செய்ய வேண்டிய அலங்காரம் மிகக் குறைவு. புதுப் பலகையை வாங்கி அதைப் பழசாக்க மெனக்கெடுவதைப்போல வீண் வேலை வேறில்லை.

சாமான் அடுக்கி வரும் மரத்தட்டான பலெற்றும் நல்லதுதான், முத்திரையைப் பார்த்து எடுத்தால். சர்வதேசப் பலெற்றுகளில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு சூட்டுக்குறி இருக்கும். ‘ஹீட் ட்ரீட்டட்’ என்பதன் முதலெழுத்துகள் (HT) இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், எடுக்கலாம். ‘மீதைல் புரோமைட்’டின் முதலெழுத்துகள் (MB) இருந்தால் அது நச்சுப் புகையூட்டிய மரம், விட்டுவிடுங்கள். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம். நீலம் பூசிய பலெற் வாடகைக் கம்பனிகளுடையது, குப்பையோடு கிடந்தாலும் அது குப்பையல்ல. பலெற் பலகையை நெம்பிக் கழற்றப் போனால் பிளந்துவிடும், ஏனென்றால் அதன் ஆணிகள் முறுக்கு வைத்தவை. பலகைக்கும் கட்டைக்கும் இடையில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுப்பதே சரி. ஆணித் தலை பலகையிலேயே தங்கும், அதைச் சுற்றிய துருக்கறையும் அழகுதான்.

வீட்டையொட்டிப் போடும் மரத்தளமான டெக்கின் பழைய மரத்தில் கவனம் தேவை. உக்காமல் இருக்க மருந்தேற்றி, பச்சைச் சாயலோடு வரும் மரத்தில் ஆர்சனிக் கலந்த வகை வீட்டுப் பாவனையிலிருந்து 2003 முடிவில்தான் விலக்கப்பட்டது. அதற்கு முன் கட்டிய டெக்கின் மரத்தை அறுக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். 1990க்கு முந்திய வீட்டின் பெயின்ற் உரியும் பலகையில் ஈயம் இருக்கலாம், அதையும் தவிருங்கள். மருந்தேற்றிய எந்த மரத்தின் மிச்சத்தையும் பின்வளவு நெருப்பில் போடக்கூடாது. பட்டையோடு வெட்டிய மரவட்டுகள் ஆசையாக இருக்கும், ஆனால் தூரத்துக் காட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு கனடாவில் 2002இல் வின்சரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர் ஊராகப் பரவியதில் மனிதர் ஏற்றிச் சென்ற விறகுக்கும் பங்குண்டு. வெளியே கிடந்த பலகையின் பின்புறத்தில் காசளவு, கம்பளி ஒட்டியதுபோல மங்கிய பழுப்புத் திட்டு இருந்தால் அது அந்துப்பூச்சி முட்டை. சுரண்டிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

6 அடி வேலிப் பலகை ஒன்றில் ஒரு பூசணி முழுதாக வந்துவிடும். கனடா மீற்றர் நாடு என்றாலும் மரக்கடை இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறது. நமக்கு அது தோதுதான், கால், அரைக்கால் என்று வாயால் சொல்லியே அளக்கலாம். பலகையின் அகலம் 5 1/2 அங்குலம், தடிப்பு புதிதில் 5/8. மண்ணில் நின்று உக்கிய நுனியை முதலில் 2 அங்குலம் வெட்டி எறியுங்கள். பிறகு 13, 15, 13 அங்குலத்தில் முன்பக்கத்துக்கு மூன்று துண்டு, பின்னால் குறுக்கே போட 14 அங்குலத்தில் இரண்டு. கைவாள் போதும். மாலையில் பேஸ்மென்ரில் மின்வாள் ஓடினால் மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஓரத் துண்டுகளின் வெளிமூலைகளை மேலே 2 அங்குலமும் கீழே 1 1/2 அங்குலமும் சரிவாக வெட்டினால் பூசணியின் உருண்டை வந்துவிடும். வளைவாக அறுக்க முயலாதீர்கள். காய்ந்த சீடர் கண்ட இடத்தில் சிராயாகப் பெயரும், சரிவு வெட்டே கண்ணுக்கு எடுப்பு.

மூன்றையும் முகம் கீழாக வைத்து, நடுவில் கால் அங்குல இடைவெளி விடுங்கள். மேலும் கீழும் குறுக்குப் பலகைகளை வைத்து, ஒவ்வொரு முன்துண்டின் நடுக்கோட்டிலும் ஒரு குறுக்குக்கு ஒரு திருகாணி, ஆக ஆறு. உறுதிக்காகப் பலர் இரு ஓரத்திலும் இறுக்குவார்கள், தவறு அங்கேதான். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு பலகை அகலத்தில் சுருங்கும். இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் சுருங்க இடமின்றி நடுவே வெடிக்கும். பசை போட்டாலும் இதே கதைதான். திருகாணியின் நீளம், இரு பலகைகளின் மொத்தத் தடிப்பைவிடக் கால் அங்குலம் குறைவாக இருக்கட்டும். 5/8 பலகைக்கு 1 அங்குலத் திருகாணி போதும், 1 1/4 எடுத்தால் முன்னால் கூர் எட்டிப்பார்க்கும். 6ஆம் எண் திருகாணிக்கு 3/32 அங்குலத் துளை முன்கூட்டியே போடாவிட்டால் சீடர் பிளக்கும். துருப்பிடிக்காத அல்லது டெக்குக்கான திருகாணியே வேண்டும். வெறும் இரும்பு சீடரின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பாக ஒழுகும். காம்புக்குப் பெருவிரல் தடிப்பில் 4 அங்குல மரக்கிளை, நடுத்துண்டின் பின்னால் ஒரு திருகாணியில் நிற்கும்.

80ஆம் எண் உப்புத்தாளால் ஓரங்களில் மட்டும் தடவிச் சிராயை எடுங்கள். சாம்பல் நிறம் மேற்தோலில்தான் இருக்கிறது, முழுதும் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் புதுப்பலகை ஆகிவிடும். வெட்டிய நுனிகள் மஞ்சளாகப் பளிச்சிடும், அதற்கு வினாகிரிச் சாயம் இருக்கிறது. சவர்க்காரம் ஏறாத மெல்லிய இரும்புக் கம்பளி ஒன்றை எண்ணெய் போகக் கழுவி, இரண்டு கோப்பை வெள்ளை வினாகிரியில் ஒன்று முதல் மூன்று நாள் ஊறவிடுங்கள். போத்தலை இறுக மூடக்கூடாது, உள்ளே வாயு சேரும். வடிகட்டித் தூரிகையால் தொட்டால் சீடர் சில நிமிடத்தில் கருஞ்சாம்பலாகும். பைன் பலெற்றில் துவர்ப்புக் குறைவு, அதனால் சாயம் பிடிக்காது. முதலில் சாயம் தூக்கலான பிளேன்ரீயை ஆறவைத்துப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் தடவுங்கள். கடை வண்ணங்களைவிட இந்த நிறமே மேல்.

செம்மஞ்சள் வேண்டுமென்றால் தூரிகையில் பெயின்ற்றைத் தொட்டு, கடதாசியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். வெளிறிய பூசணிக்கு வெள்ளை லேற்றெக்ஸ் (தண்ணீர்ப் பெயின்ற்) ஒன்றில் சம அளவு தண்ணீர் கலந்து பூசி, உடனே துணியால் துடைக்கலாம். இதெல்லாம் 10 பாகைக்கு மேலான பகலில் நடக்க வேண்டும். ஒக்டோபர் இரவுக் குளிரில் தண்ணீர்ப் பெயின்ற் படலமாக இறுகாது, பிறகு தூளாக உதிரும். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் நாட்டுப்புறக் களை போய்விடும், மங்கல் வகை வாங்குங்கள்.

4க்கு 4 தூணின் புது மிச்சத்துண்டுகளில் 5, 7, 9 அங்குலக் குட்டிப் பூசணிகள் வெட்டி வைப்பது சுலபம். ஆனால் அவை பெரும்பாலும் மருந்தேற்றி ஈரத்தோடு வருபவை. முகமூடி போட்டு அறுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் பெயின்ற் ஒட்டாது, சில வாரம் காயவிடுங்கள்.

வாசலில் சாய்த்து வைக்கும் பெயர்ப்பலகையில் ‘நல்வரவு’ எழுத 4 அடி வேலிப் பலகை போதும். ந, ல், வ, ர, வு என்று மேலிருந்து கீழாக ஐந்தெழுத்து, ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம், 2 அங்குல இடைவெளி, மொத்தம் 38 அங்குலம். அச்சுத்தாள் வெட்டுவதில் தமிழுக்கு ஒரு சிக்கல், வ, ல போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அச்சிட்ட தாளின் பின்புறம் பென்சிலால் கறுப்பாக்கி, பலகையில் ஒட்டி, எழுத்தின் ஓரத்தை அழுத்தி வரைந்தால் கோடு பதியும், அதன்மேல் தூரிகை ஓடட்டும். ‘வு’ அகலமான எழுத்து, அதை 4 1/2 அங்குலத்துக்குள் அடக்கிவிட்டு மற்றவற்றின் அளவை எடுங்கள்.

சிமெந்துப் படியில் நேரே நிறுத்தினால் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சிக் கீழிருந்து உக்கும். போத்தல் மூடிகள் இரண்டை அடியில் ஆணியடித்துவிடுங்கள். நவம்பர் முதல் வாரம் உள்ளே எடுக்கும்போது ஹீற்றர் அருகில் வைக்காமல் கராஜிலோ படிக்கட்டின் கீழோ நிமிர்த்தி வையுங்கள். பின்பக்கக் குறுக்குகளை வெள்ளையாகப் பூசி, பனிமனிதன் முகம் ஒன்றும் வரைந்துவிட்டால் டிசம்பரில் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.