நூறு ரூபாய் போட்டால் எவ்வளவு நிற்கும்?

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2012இல் முப்பருவ முறை வந்தபோது நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் போடுவதற்கு, என்றார்கள். அதில் பாதி செயல்பாடுகளுக்கு. நல்ல யோசனைதான். நடைமுறையில் சார்ட் பேப்பர் விற்கிற கடைக்காரருக்குத்தான் லாபம். அக்கா வரைந்ததைத் தம்பி கொண்டுவருவான், நானும் பத்துக்கு எட்டு போடுவேன்.

லாப நட்டப் பாடத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் வாங்கிய விலை, விற்ற விலை கேட்டு, கணக்கை வாயால் சொல்லிப் போனில் பதிந்து அனுப்ப வேண்டும். முகம் வேண்டாம், குரல் போதும். வீட்டில் போன் இல்லாதவர்களும், அப்பாவோடு போன் கடலுக்குப் போய்விட்டவர்களும் மதிய இடைவேளையில் என் போனிலேயே பேசினார்கள். மொத்தம் 36 பதிவுகள். பண்ருட்டி பஸ்ஸில் போகவர இரண்டு நாள் கேட்டேன். சிலவற்றில் பின்னாலிருந்து "பெருக்குடா" என்று யாரோ கிசுகிசுக்கிறார்கள். சார்ட்டில் இதெல்லாம் கேட்காது.

சோனங்குப்பத்துப் பையன் ஒருவன். பரீட்சையில் பத்துக்கு இரண்டு வாங்குகிறவன். மூச்சு விடாமல் சொல்கிறான்: "அம்மா நாப்பது கிலோ மத்தி, கிலோ அறுபதுன்னு ஏலத்துல எடுத்தாங்க சார். ஐஸு நூத்தம்பது, ஆட்டோ நூறு. ரெண்டு கிலோ நசுங்கிப் போச்சு. மிச்சத்த எம்பதுன்னு வித்தாங்க. முந்நூத்தித் தொண்ணூறு நின்னுச்சு."

ஒரு ரூபாய் பிசகவில்லை. நசுங்கிய மீனைக் கழிக்க நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஆனால் லாப சதவீதம் எங்கே? அதைத் தொடவே இல்லை. மறுநாள் கூப்பிட்டு, "நூறு ரூபா போட்டா எவ்வளவுடா நிக்கும்?" என்றேன். மோட்டுவளையைப் பார்த்தான். "பதினஞ்சு ரூபா கிட்ட வரும் சார்."

போட்டுப் பார்த்தேன், 14.7. சதவீதம் என்ற சொல்தான் இத்தனை நாளும் அவனை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதி எழுதி நிறுத்தியது நான்.

சரி, விடவும் மனசில்லை. "உங்கம்மா விடியக்காலையிலேர்ந்து நின்னாங்களே, அந்தக் கூலியை ஏன்டா செலவுல சேர்க்கல?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு யாரு சார் கூலி குடுப்பா?"

புத்தகத்தின் இதரச் செலவுகளிலும் அது இல்லை. பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, பதிவுகளை அழித்தேன்.