நுங்கம்பாக்கத்தில் எத்தனை ‘க’?

கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையின் நிலையப் பெயர்களில் எந்த எழுத்து எந்தெந்த இடத்தில் திரும்ப வருகிறது என்று சொல்லும் நிரல் ஒருவழியாகச் சரியான விடை தந்துவிட்டது. ஆங்கிலத்தில் நாலு வரி லூப்போடு முடிகிற வேலை, தமிழைக் கொடுத்ததும் முரண்டு பிடித்தது.

நுங்கம்பாக்கத்தையே பாருங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. பைத்தான் நிரல்மொழியோ புள்ளி, கால் போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணி 14 என்கிறது. ‘க’ எங்கே என்றால் 4, 9, 11 என்று மூன்று இடம் காட்டுகிறது (எண்ணிக்கை 0 முதல்). நடுவில் இருப்பது ‘க்’. அதன் புள்ளி 10 என்ற இடத்தில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதிகம் திரும்ப வருவது எது என்று கேட்டாலோ, நான்கு முறை வரும் அந்தப் புள்ளிக்குத்தான் முதலிடம்!

ஆக, முதலில் எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும்; தேடல் பிறகு. உயிரை வாங்கியது இந்தப் பிரிப்புதான். எழுத்துகளின் இயல்பைச் சொல்லும் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பில் ‘கம்பைனிங்’ (ஒட்டுவது) என்றொரு ஃபங்ஷன் உண்டு. பெயரை நம்பிவிடாதீர்கள்: புள்ளிக்கு 9 தரும், காலுக்கும் கொம்புக்கும் தனி எழுத்தைப் போலவே 0. எழுத்தின் வகையைச் சொல்லும் ‘கேட்டகரி’யைத்தான் கேட்க வேண்டும். அதிலும் இகரக் குறி ‘எம்சி’, ஈகாரக் குறி ‘எம்என்’. எந்தப் புண்ணியவான் வகுத்தாரோ! ‘எம்’ என்று தொடங்கினால் போதும், முந்தைய எழுத்தோடு ஒட்டு என்று எழுதினேன். இப்போது ‘க’ 2, 6. ‘ம்’ 3, 7.

கோட்டையும் கோடம்பாக்கமும் வேறொரு வம்பு. ஒரு கோப்பில் ஓகாரக் குறி ஒரே குறியீடு, இன்னொன்றில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி. பார்வைக்கு இரண்டும் ‘கோ’தான், ஒப்பிட்டால் பொருந்தாது. பிரிப்பதற்கு முன்பே, தனித்தனிக் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் இதெல்லாம் தயாராக இருப்பது தெரியும். கையால் செய்து பார்க்கிற ருசி வேறு. ‘க்ஷ’ இன்னும் இரண்டாகத்தான் உடைகிறது. இந்தப் பாதையில் அப்படியொரு நிலையம் இல்லாததால் விட்டுவைத்திருக்கிறேன்.

ரிச்சி தெருவில் வாங்கிய விசைப்பலகையில் இப்போது தமிழ்99 தட்டச்சு முறை. ‘க’வை இரு முறை தட்டினால் தானே ‘க்க’ ஆகிவிடுகிறது. விசைப்பலகைக்கு இருக்கிற தமிழறிவு பைத்தானின் ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச் சரத்துக்கு) இல்லை.

‘க்ஷ’வை முடிப்பதற்குள் மனம் எதுகைக்குத் தாவிவிட்டது. அடிதோறும் இரண்டாம் எழுத்தை ஒப்பிட்டால் போதும், பட்டியலில் இடம் 1. ஒரே மெய்யின் வெவ்வேறு உயிர்மெய்கள் வரும் வருக்க எதுகைக்கு மட்டும், பாடுபட்டு ஒட்டிய குறிகளை மறுபடி பிய்த்து மெய்யை மட்டும் ஒப்பிட வேண்டும்.