ஏதென்ஸ் கறுப்பு கடைசிக் காற்றிலும் சிவக்காமல் நின்றது

பழைய ஏதென்ஸ் குயவர்களின் கறுப்பு–சிவப்புப் பாண்டங்களைப் போலவே சுட்டுப் பார்க்க நெடுநாளாக முயல்கிறேன். சூளையின் கடைசிக் கட்டத்தில் காற்றைத் திறந்துவிட்ட பிறகும் களிமண் குழம்பு பூசிய இடம் கறுப்பாகவே நிற்க, பூசாத இடம் மட்டும் செங்கல் நிறத்துக்குத் திரும்பியது இந்த முறைதான். இதற்கு முன்னால் கிடைத்தவை ஒன்று முழுவதும் சாம்பல் படிந்த கறுப்பு, அல்லது முழுவதும் சிவப்பு. இப்போது கையில் இருப்பது ஒரு சாண் உயர அம்ஃபோரா, அதாவது இரு கைப்பிடி கொண்ட ஜாடி. அதன் வயிற்றில் ட்ராய் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் எதிரெதிரே குனிந்து அமர்ந்து காய் உருட்டுகிறார்கள். மூலம் ஏதென்ஸ் குயவர் எக்செக்கியாஸ் கி.மு. 540–530 அளவில் வனைந்து வரைந்த, இன்று வாட்டிகனில் இருக்கும் ஜாடி. அது 61 செ.மீ. உயரம். அக்கிலீசின் வாயிலிருந்து ‘நான்கு’ என்றும் அயாக்சின் வாயிலிருந்து ‘மூன்று’ என்றும் கிரேக்க எழுத்துகள் வழிவதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

முதலில் காற்று, பிறகு புகை, மீண்டும் காற்று என்ற மூன்று கட்டச் சுடுதலின் வேதியியலை இங்கே விளக்கப்போவதில்லை. என்னை இத்தனை காலம் இழுத்தடித்தது சூளையைவிடக் குழம்புதான். ஏதென்ஸ்காரர்களின் கறுப்பு என்பது வண்ணமும் அல்ல, கண்ணாடிப் பூச்சும் அல்ல. பாண்டம் வனைந்த அதே இரும்புச்சத்துள்ள களிமண்ணின் மிக நுண்ணிய பகுதி. இதை 1942இல் தியோடர் ஷூமன் என்ற ஜெர்மானியர் செய்து காட்டினார். ஜோசப் நோபிள் என்ற அமெரிக்கர் பின்னர் ஆத்திக்க (ஏதென்ஸ் வட்டார) களிமண்ணிலேயே சுட்டுப் பார்த்து 1965இல் விரிவாக எழுதினார். நுண்துகள்கள் மட்டுமே இருந்தால் 900 டிகிரிக்கு மேல் அந்தப் படலம் உருகி இறுகி அடைபட்டுவிடும். அதன்பின் காற்று உள்ளே புக வழியில்லாததால், அதிலுள்ள இரும்பு மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாகவே தங்கிவிடும். சற்றுப் பருமனான துகள்கள் கலந்திருந்தால் படலம் அடைபடாது. மூன்றாம் கட்டத்தில் பானையின் உடலோடு சேர்ந்து அதுவும் சிவந்துவிடும். என்னுடைய முந்தைய சிவப்புப் பானைகள் அனைத்துக்கும் இதுவே காரணம்.

ஆகவே முழுக் கவனமும் தெளியவைப்பதில்தான். உலர்ந்த மண்ணை இடித்துச் சலித்து, நிறைய நீரில் கரைத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்க ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். பழங்காலத்தில் அது மரச்சாம்பலிலிருந்து வடித்த காரநீராக இருந்திருக்கலாம் என்கிறார்கள். நான் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டைச் சிட்டிகைக் கணக்கில் போடுகிறேன். கூடுதலாகப் போட்டால் எதிர்விளைவு ஏற்பட்டு எல்லாம் தயிர்போலத் திரண்டுவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்குத் தொடவே கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து துகள்களைப் பிடித்துச் சேர்த்து, மணிக்கணக்கில் காத்திருந்ததை எல்லாம் அடியில் உட்கார வைத்துவிடுகிறது. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோதான் சரிப்படுகிறது. கண்ணாடி ஜாடியின் பக்கவாட்டில் பார்த்தால் அடியில் மணல், அதன்மேல் வண்டல், அதற்கும் மேலே எவ்வளவு நேரமானாலும் தெளியாத ஒரு செம்பழுப்பு நீர் தெரியும். அந்த மேல்நீரின் மேல்பாதியை மட்டும் மெல்லிய ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆசைப்பட்டுக் குழாயை ஒரு விரற்கடை கீழே இறக்கினாலும் வண்டல் கலங்கி ஏறிவிடும். எடுத்த நீரை அகன்ற தட்டில் வெயிலில் வற்றவிட்டால் பாலாடைப் பதத்தில் கிடைப்பது ஒரு பக்கெட்டுக்கு அரைக் கிண்ணம்கூடத் தேறாது.

மண் வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூட்டையில் ‘டெரகோட்டா’ என்று அச்சிட்டு விற்பவர்கள் அது எந்த ஊர் மண் என்று எழுதுவதில்லை. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் குணம் மாறுகிறது. கயோலினைட் என்ற களிக்கனிமம் மிகுந்த மண் எவ்வளவு தெளிய வைத்தாலும் இந்தச் சூட்டில் இறுகாது, பளபளக்காது. பொட்டாசியம் உள்ள இல்லைட் வகைக் களி வேண்டும். அதன் தட்டையான துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்வதால்தான் அந்தப் பளபளப்பே வருகிறது. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஆற்றோரம் சூளை வைத்திருக்கும் ஒரு குயவர் கொடுத்த மண். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார், பானையை மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

பூசும்போது குழம்பும் பானையும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருப்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஈரப் பளபளப்பைப் பார்த்தே வரைய வேண்டியிருக்கிறது. மேலங்கிகளின் பூவேலையைக் குழம்பின் ஊடாகக் கீறுவதற்கு, மூங்கில் பிடியில் செருகிய கூர்தீட்டிய ஊசியே போதும். விலைகொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் அதன் அருகில் வராது.

சுடுதல் இப்படி நடந்தது: 800 டிகிரி வரை தாராளமான காற்று, 900ஐ நெருங்கியதும் புகைவாயை அடைத்து ஈர மரத்தூள், 945இல் சிறிது நிறுத்தம், பின்னர் 875 அளவுக்கு இறங்கியதும் காற்றைத் திறந்துவிட்டேன். எப்போது திறப்பது என்பதை வெப்பமானியைவிட மாதிரித் துண்டுகளே சரியாகச் சொல்கின்றன. குழம்பு பூசி, நடுவில் துளையிட்ட ஓட்டுத் துண்டுகளைப் பார்வைத் துளைக்கு அருகில் வைத்து, இரும்புக் கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பழைய ஏதென்ஸிலும் இதே வேலைக்குப் பயன்பட்ட துளையிட்ட துண்டுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன.

தோளில் வட்டமாக ஓரிடம் மட்டும் சிவந்திருக்கிறது. அங்கே பக்கத்துக் கிண்ணம் ஒட்டியபடி நின்றதால் புகை சரியாகப் படவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள ஆத்திக்கப் பாண்டங்களிலும் அடுக்கியதால் வந்த இத்தகைய தழும்புகள் உண்டு என்பதால் அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. குயவர்கள் அதிர்ஷ்டத்தையும் தெய்வத்தையும் நம்பியதில் வியப்பே இல்லை. மியூனிக்கிலுள்ள, சிவப்புப் பின்னணியில் கறுப்பு உருவங்கள் தீட்டிய ஒரு கறுப்புருவ நீர்க்குடத்தில், சூளையின் மேல் ஒரு சாட்டிரின் (கிரேக்கக் கதைகளின் காட்டுப் பூதம்) தலை முழிக்கிறது. ஹோமரின் பெயரில் வழங்கும் சூளைப்பாட்டோ, கூலி தராமல் ஏமாற்றும் குயவனின் சூளைமீது சின்ட்ரிப்ஸ், ஸ்மரகோஸ், அஸ்பெட்டோஸ், சபாக்டெஸ், ஓமொதாமோஸ் என்ற ஐந்து நாசகாரப் பூதங்களை ஏவிவிடுகிறது. எரிவாயுச் சூளைக்கு இவற்றில் எது பொருந்தும் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு.

மூல ஜாடியின் மறுபுறத்தில் வீடு திரும்பும் இரட்டைச் சகோதரர்கள் காஸ்டரும் பொலிதெவ்கெசும், அவர்களை எதிர்கொள்ளும் பெற்றோர் லேதாவும் திந்தரேயோசும் இருக்கிறார்கள். லேதாவின் மேனிக்கு வெள்ளை வேண்டும். சுட்ட பிறகு என் வெள்ளைக் களி கறுப்பின்மீது நிற்காமல் செதில் செதிலாக உதிர்கிறது. அதனால் என் ஜாடியின் மறுபுறம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அதைத் தீர்க்காமலேயே, பின்னணியைக் கறுப்பாக்கி உருவங்களைச் சிவப்பாக விடும் செவ்வுருவ முறைக்குத் தாவ மனம் துடிக்கிறது. அதற்கு உருவங்களின் ஓரத்தில் மேடாக நிற்கும் மெல்லிய கோடு வேண்டும். நீண்ட ஒற்றை முடியைக் குழம்பில் தோய்த்துப் படியவைத்துத் தூக்கினார்கள் என்றும், சிறு பீச்சுகுழலால் இட்டார்கள் என்றும் இரு தரப்பாக வாதிடுகிறார்கள். குதிரைமுடி ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் முதல் தரப்பிலிருந்து தொடங்கப்போகிறேன். இப்போதைய குழம்பு அதற்கு நீர்த்திருப்பதால், இன்னும் பாதியாக வற்றவைத்து உடைந்த ஓடுகளில் முதலில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.