வலந்தலை எந்தப் பக்கம்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. கர்னாடக இசை மாத இதழ் ஒன்றில் 11 வருடம் அட்டை வடிவமைத்தவன் நான். வருடத்தில் மற்ற இதழ்களெல்லாம் ஒரு பக்கம், டிசம்பர் இதழ் ஒரு பக்கம். 1927ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாகத்தான் மியூசிக் அகாடமி உருவானது. அங்கிருந்து வளர்ந்து ஊரெல்லாம் பரவிய டிசம்பர் கச்சேரி சீசன்தான் எங்களைப் போன்ற சின்னப் பத்திரிகைக்கும் சோறு போட்டது. விளம்பரம், கச்சேரி அட்டவணை, பேட்டி என்று எல்லாம் வந்து குவிந்துவிடும். அட்டை மட்டும் கடைசி நாள் வரை இழுக்கும்.

நான் ஜவுளிக்கடை விளம்பரங்கள் செய்துவிட்டு அங்கே வந்தவன். அதனால் பட்டுப்புடவை நிறத்தில் மட்டும் எனக்குக் கண் உண்டு. பாடகிகளின் படம் அட்டைக்கு வரும்போது பெரிய போராட்டமே அந்தப் புடவைதான். மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். உடுத்தியவர் லேசாக அசைந்தால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அச்சகத்தில் இருப்பதோ நான்கு மை. ப்ரூஃபில் அந்தப் புடவை ஏதோ ஒரு மந்தமான நீலமாக வந்து நிற்கும். நீலத்தைத் தூக்கினால் முகம் கறுக்கும், முகத்தைச் சரிசெய்தால் ஜரிகை வெளுக்கும். ராத்திரி 11 மணிக்கு மிஷின் பக்கத்தில் நின்று, ஈரம் காயாத தாளை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்த நாட்கள் நிறைய. அதையெல்லாம் நான் சந்தோஷமாகத்தான் செய்தேன்.

சங்கீதம்தான் எனக்குத் தெரியாது. அதன் விலையை ஒரு டிசம்பரில் வேறொருவர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வருடம் இளம் கலைஞர்களைப் பற்றிய சிறப்பிதழ். அட்டைக்கு மிருதங்கம் வாசிக்கும் 21 வயதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். படம் அருமையாக வந்திருந்தது. அரைக்கண் மூடி, தீர்மானம் என்கிற முத்தாய்ப்புச் சொற்கட்டின் முடிவில் கை எழும்பி நிற்கும் கணம். அவள் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் அட்டையில் தலைப்பு வரிகள் எப்போதும் இடது ஓரம்தான். கடையில் பத்திரிகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கும்போது அந்த ஓரம்தான் வெளியே தெரியும் என்பதால் ஆசிரியர் வகுத்த ஏற்பாடு அது. வரிகள் இடது பக்கம், பெண் வலது பக்கம், பார்வை அட்டையை விட்டு வெளியே. பார்க்கிறவர் கண்ணும் கூடவே வெளியே போய்விடும் என்பது எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

கணினியில் ஒரே சொடுக்கு. படத்தைத் திருப்பிப் போட்டேன். இப்போது அவள் வரிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் ஊரில் இல்லை. துணை ஆசிரியர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

இதழ் வந்த மறுநாள் காலை ஒரு போன். வயதான குரல்.

"தம்பி, அட்டை போட்டது நீங்கதானா? அந்தக் குழந்தைக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அவ எப்பலேர்ந்து இடது கையால வாசிக்கிறா?"

டிசைனுக்காகத் திருப்பினோம் ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை. மிருதங்கத்தில் கரணை என்கிற கறுப்பு வட்டம் வைத்திருக்கும் சின்ன வாய் வலந்தலை, ரவையைப் பிசைந்து அப்புகிற பெரிய வாய் தொப்பி, என் அட்டையில் அவள் இடது கை கரணை மேல் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர் என்றும் சொன்னார். பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது மேடை வழக்கம். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் வயலின்காரர் இடத்தில் உட்கார வேண்டிவரும். அதனாலேயே அவ்வளவு பெரிய மேதைக்குக் கச்சேரி ஏற்பாட்டில் எத்தனையோ சங்கடங்கள். "பார்க்கிறவா அப்படித்தான் நினைச்சுப்பா, தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ஆசிரியரிடம் சொன்னேன். ஜனவரி இதழில் திருத்தம் போடலாம் என்றார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் மூன்றாவது வாரம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் மதியக் கச்சேரி. பக்கவாத்தியம் அந்தப் பெண். ஏதோ உறுத்தலில் போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். திரை விலகவில்லை, நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. உள்ளே பேச்சுக்குரல்.

"அண்ணா, மைக்கை இந்தப் பக்கம் வைக்கணும்."

"அட்டையில பாத்தேனேம்மா, நீ இடது கைன்னுதான் மாத்திப் போடச் சொன்னேன்."

ஜமுக்காளம் நகர்த்தும் சத்தம், ஸ்டாண்ட் இழுபடும் சத்தம். வயர் எட்டவில்லை என்று யாரோ ஓடினார்கள். மதியக் கச்சேரிக்கு மொத்தமே ஒன்றரை மணி நேரம். பத்து நிமிடம் இதில் போனது. பின்னால் அடுத்த கச்சேரி காத்திருந்ததால் கடைசியில் எதைக் குறைப்பது? மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைத்தான். ஆதி தாளம், அவள் அப்போதுதான் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குப் போயிருந்தாள். பாடகர் ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நேராகக் கடைசியில் வாசிக்கும் கோர்வைக்கு வந்து முடித்தாள். எனக்குத் தாளம் தெரியாதுதான். ஆனால் பேசிக்கொண்டே இருந்த ஒருவரைப் பாதியில் உட்காரச் சொன்னது போலிருந்தது அது.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். தரையில் உட்கார்ந்து தொப்பியில் காய்ந்திருந்த ரவையை நகத்தால் சுரண்டி ஒரு தாளில் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அம்மா அந்த அட்டையை ஃப்ரேம் போட்டு வச்சிருக்காங்க" என்றாள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. ஏழு வயதிலிருந்து வாசிக்கிறாளாம். அந்தக் காய்ப்பைத்தான் நான் ஒரு சொடுக்கில் இடது கைக்கு மாற்றியிருந்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில் அது அப்படியே தொங்குகிறது.

ஜனவரி இதழில் சரியான படத்தோடு திருத்தம் வந்தது. நானே வரிகளைத் தூக்கி வலது பக்கம் வைத்து அந்த அட்டையைப் புதிதாகச் செய்து, நல்ல தாளில் ஒரு பிரதி அச்சிட்டு அவள் வீட்டுக்கு அனுப்பினேன். அதன் பிறகு எந்தப் படத்தையும் திருப்பியதில்லை. வரிகள் இடம் மாறும், பத்திரிகைப் பெயர் நகரும், படம் அசையாது. வீணை என்றால் குடம் வாசிப்பவரின் வலப்பக்கம், சுரைக்காய் இடது தொடை மேல். தவில் என்றால் வலது விரல்களில் கூடு, இடது கையில் கழி. அனுப்புகிறவர்களே திருப்பி அனுப்புவதும் உண்டென்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் திறப்பேன்.

நான் விலகுவதற்கு முந்தைய வருடம், அச்சகத்திலிருந்து ப்ளேட் போடும் பையன் ராத்திரி கூப்பிட்டான். "சார், மிருதங்கக்காரர் படம் திரும்பியிருக்கு போல. வலந்தலை இடது கையில இருக்கு." அந்தக் கலைஞரிடம் நான் இரண்டு நாள் முன்பே கேட்டு உறுதி செய்திருந்தேன். இருந்தாலும் அவருக்கு இன்னொரு முறை போன் செய்தேன்.

"இடதுதான் சார். பிறந்ததிலேர்ந்து இடதுதான்" என்றார்.

பையனைக் கூப்பிட்டு, அப்படியே ஓட்டச் சொன்னேன்.