பிணை கொடுத்த பிறகும் உள்ளே

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "பிணைக்கு எவ்வளவு காசு வேணும்?" என்பதுதான். வழக்கு என்ன, பொலிஸார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். சிலர் அதற்குள் தோட்டை அடகு வைத்திருப்பார்கள், அல்லது வட்டிக்குக் கேட்டு வைத்திருப்பார்கள்.

நீதவான் ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகளில் போகலாம் என்று உத்தரவிட்டால், இரண்டு இலட்சத்தைக் கட்ட வேண்டும் என்றே பல குடும்பங்கள் நினைக்கின்றன. அன்றைக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. இரண்டு பேர் வந்து, இவர் வழக்கு நாட்களில் தவறாமல் வருவார், வராவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்திட வேண்டும். ரொக்கப் பிணை வேறு. அதை உடனே கட்ட வேண்டும். ஒழுங்காக வழக்குக்கு வந்தால் முடிவில் திரும்பக் கிடைக்கும். சொந்தப் பிணை என்றால் சந்தேகநபர் தானே கையெழுத்திட்டு வீட்டுக்குப் போகலாம். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் கம்பனிகள் உண்டு, இங்கே அப்படி எதுவும் இல்லை. இதையெல்லாம் பொறுமையாக விளங்கப்படுத்துவதை என் வேலையின் முக்கியமான பகுதியாகவே நினைக்கிறேன். தேவையில்லாத ஒரு கடன் அந்த வீட்டில் பல மாதம் உட்கார்ந்துவிடும்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. சந்தேகநபர் தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார், வெளியே போய்த் திரும்பவும் குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம். சில பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். மற்றபடி சின்ன வழக்குகளில் பிணை உத்தரவு பெறுவது அவ்வளவு கடினமில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகுதான் பாடு.

பிணையாளிக்கு அடையாள அட்டை வேண்டும், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவருக்குப் பல இடங்களில் தனி விலாசமே கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி பெயர் இருக்கும். காணி, வீட்டு உறுதிப்பத்திரம் காட்டச் சொன்னால் அதோடு சரி. நான்கைந்து தலைமுறையாக இருக்கும் லயக் காம்பராவுக்கு உறுதி எங்கே? ஆள் வராவிட்டால் யாரைத் தேடுவது என்று நீதிமன்றம் கேட்பது நியாயம். ஆனால் ஒருவருடைய நம்பகத்தை உறுதிப்பத்திரத்தை வைத்து அளந்தால், தோட்டத்தில் ஒருவருமே தேறமாட்டார்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன் ஒருவன், அனுமதியில்லாமல் மாணிக்கக்கல் தோண்டினான் என்று பிடிபட்டான். பிணை உத்தரவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாமா கையெழுத்திடத் தயாராக வந்து நின்றார். இரண்டாவது ஆளாக வந்த சித்தப்பாவின் சான்றிதழில் பெயர் பிழை. புதிதாக எடுக்க கிராம உத்தியோகத்தரின் கந்தோர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் அவனுடைய அம்மா என்னிடம் வந்து, "தம்பி, ஐயா பிணை குடுத்துட்டாருன்னு சொன்னீங்களே, பின்ன ஏன் புள்ளைய வேன்ல ஏத்துறாங்க?" என்று கேட்டார். கடுதாசியில் பெயர் பிழை என்று சொன்னேன். "அவரு எங்க வீட்டுக்காரரோட தம்பின்னு தோட்டத்துக்கே தெரியுமே" என்றார். அது உண்மைதான். அந்த வாரக்கடைசி பையன் விளக்கமறியலிலேயே இருந்தான். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படி வழக்கு முடியாதவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் கடுதாசிக்காக உள்ளே இருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பிணையாளிகளும் லேசாக வருவதில்லை. கோட்டுக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதோடு பஸ் காசும் சாப்பாடும். பையன் ஓடிவிட்டால் தன் தலையில் விழும் என்ற பயம் வேறு. அப்படியிருந்தும் பக்கத்து லயத்துக்காரர், கோயில் கமிட்டித் தலைவர் என்று யாராவது வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் நாற்காலி போட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பேன்.

இப்போதெல்லாம் கைது என்று கேள்விப்பட்டதுமே குடும்பத்திடம் நாங்கள் சொல்வது, இரண்டு பேர் போதும் என்றாலும் நான்கு பேருடைய கடுதாசிகளைத் தயார் செய்யுங்கள் என்பதுதான். காணி உறுதி இல்லாத குடும்பம் என்பதை முதல் நாளே மன்றில் எடுத்துச் சொல்லும்படி எங்கள் சட்டத்தரணியிடமும் கேட்டுக்கொள்வேன். தொகை தாங்காது என்றால் குறைக்கச் சொல்லி மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறோம். ரொக்கம் கட்டியவர்களிடம், பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள், வழக்கு முடிந்ததும் காசைக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும், அதையும் நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்புவேன்.