பக்கத்து வீட்டு நாய் விடாம குரைச்சப்போ நாங்க என்ன செஞ்சோம்

எங்க வீடு சிங்கப்பூர் ஈசூன்ல, நாலறை வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. பக்கத்து யூனிட்ல ஒரு தமிழ்த் தம்பி இருக்காரு. 2020-ல சர்க்யூட் பிரேக்கர்னு சொன்ன கொரோனா முடக்கம் முடிஞ்ச கையோட அவரும் அவர் மனைவியும் ஆசையா மினியேச்சர் ஷ்னாவ்சர்ங்கற சின்ன வகை நாய் ஒண்ணு வாங்குனாங்க, பேரு லட்டு, குட்டியா இருக்கறப்போ எங்க பையன் மடியிலயே தூங்கும். அப்புறம் அவங்களுக்குள்ள ஏதோ ஆகி அந்தப் பொண்ணு கிளம்பிப் போயிட்டாங்க, தம்பி பகல்ல ஒரு வேலை, ராத்திரி டெலிவரின்னு ஓட ஆரம்பிச்சாரு, நாய் சமையக்கட்டுக்குப் பின்னாடி துணி காயப்போடற இடத்துல கதவைச் சாத்திட்டுக் கிடந்துச்சு.

அங்கேருந்துதான் சத்தம். லிஃப்ட் கதவு திறந்தா குரைக்கும், மேல் வீட்டுல நாற்காலி இழுத்தா குரைக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு எதுவுமே இல்லாமலும் குரைக்கும். எங்கம்மாவுக்கு அப்பத்தான் மூட்டு ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு, அவங்க படுக்கற ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த இடம். அம்மா வலியில முழிச்சிருக்காங்களா நாய்னால முழிச்சிருக்காங்களான்னே எனக்குத் தெரியாம போச்சு.

மொத ரெண்டு மாசம் நான் செஞ்சது எல்லாமே தப்பு. லிஃப்ட் கிட்ட பாத்து "தம்பி, நாய் ரொம்பக் குரைக்குதுப்பா"ன்னேன், அவரு "சாரிக்கா, பாத்துக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ஆன்லைன்ல ஏதோ அதிர்வு குடுக்கற கழுத்துப்பட்டை வாங்கி மாட்டினாரு, மூணு நாள் அமைதி, நாலாவது நாள்லேருந்து குரைப்போட ஊளையும் சேந்துக்கிச்சு. நான் கோவத்துல ஒரு லெட்டர் எழுதி அவர் கேட்டுல சொருகினேன், புகார் செய்வேன்னு. அதோட பேச்சே நின்னுபோச்சு. அந்த லெட்டரை நான் எழுதியிருக்கவே கூடாது.

மாத்தினது என் கூட வேலை பாக்கற ஒரு அக்கா. அவங்க ரொம்ப வருஷமா தெருநாய்களுக்கு உதவி செய்யறவங்க. "சத்தத்தை மட்டும் பேசாத, நாய் எப்படி இருக்குன்னு பாத்தியா?"ன்னு கேட்டாங்க. பாக்கலை. அன்னிக்குத்தான் எங்க சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு, எதிர்த்தாப்ல தெரியற அவர் ஜன்னல் கம்பி வழியா ஒழுங்கா பாத்தேன். ஷ்னாவ்சருக்கு முடி அவ்வளவா கொட்டாது, வளந்துக்கிட்டே இருக்கும், வெட்டி விடலைன்னா சிக்குப் பிடிச்சுக் கட்டியாயிடும். லட்டுவோட தாடியும் காலும் அப்படித்தான் சடையா இருந்துச்சு, கண்ணே தெரியலை, தண்ணிக் கிண்ணம் காலி, மூலையில கழிஞ்சது அள்ளாம கிடந்துச்சு. மத்தியான வெயில் நேரா அங்கதான் அடிக்குது. இத்தனை நாள் இதுக்குப் பக்கத்துலயே இருந்துட்டு என் தூக்கத்தைப் பத்தி மட்டும் யோசிச்சிருக்கேனேன்னு அன்னிக்கு அழுதுட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். ரெண்டு வாரம், எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு நேரம், அப்ப என்ன நடந்துச்சு, தண்ணி இருந்துச்சா இல்லையா, எல்லாம். பகல்ல அம்மா எழுதுவாங்க, ராத்திரி நான். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன், இந்த நோட்டு இல்லாம எங்க போனாலும் "எப்பவும் குரைக்குது"ன்னு மட்டும்தான் சொல்ல முடியும், அதை வச்சு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. எழுதிப் பாத்தப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது, அவரு கிளம்பின இருபது நிமிஷத்துல ஆரம்பிக்குது, இடி இடிச்சா நிறுத்தவே மாட்டேங்குது, ஆனா அவரு வீட்டுல இருக்கற ரெண்டு ஞாயித்துக்கிழமையும் பக்கம் காலி. ஒரு குரைப்புகூட இல்லை.

குடியிருப்பாளர் கமிட்டில ஒருத்தர் கிட்ட கேட்டப்போ, தொண்டையில ஆபரேஷன் பண்ணிட்டா சத்தம் வராதேன்னாரு. தண்ணி இல்லாம கூப்பிடற ஜீவனோட தொண்டையை அறுக்கறதா? எனக்கு வந்த கோவத்துல பதில் சொல்லாம வந்துட்டேன்.

அக்கம்பக்கத்துப் பிரச்சினைகளை அரசாங்கத்துக்குச் சொல்ற ஒன்சர்வீஸ் ஆப்ல புகார் போட்டேன், வீடியோவும் நோட்டுப் பக்கங்களோட ஃபோட்டோவும் சேத்து. ஒரு அலுவலகத்துலேருந்து, அது வீவக வீட்டுல வளக்க அனுமதிச்ச வகைதான், ஒரு வீட்டுக்கு ஒரு நாய் கணக்கும் சரிதான்னு மட்டும் பதில் வந்துச்சு. நான் கேட்டதே அது இல்லை. திரும்ப எழுதினேன், இந்தத் தடவை மொத வரியிலயே "இது சத்தப் புகார் இல்லை, நாயைக் கவனிக்கறதில்லைங்கற புகார்"னு போட்டேன். அது தேசியப் பூங்காக் கழகத்துக்குக் கீழ இருக்கற, விலங்குகள் விஷயத்தைப் பாக்கற ஏவிஎஸ்ஸுக்குப் போச்சு, அதிகாரி ஃபோன் பண்ணி நிதானமா எல்லாம் கேட்டுக்கிட்டாங்க. இங்க சட்டப்படி செல்லப்பிராணி வச்சிருக்கறவங்க அதுக்குச் சாப்பாடு, தண்ணி, இடம், வைத்தியம் எல்லாம் பாத்துக்கணும், தவறினா மொதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அவரை அப்படி எதுவும் செய்யலை, வந்து பாத்துட்டு, என்னென்ன சரி பண்ணணும்னு சொல்லி டைம் குடுத்தாங்க. அப்பத்தான் லைசென்ஸ் இன்னும் அவர் மனைவி பேர்லயே இருக்கறதும் தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி தம்பி எங்க கேட்டு முன்னாடி வந்து நின்னாரு. "நீங்கதானேக்கா?" ஆமான்னேன். பொய் சொல்ல மனசு வரலை. உள்ளேருந்து அம்மா வாக்கரைத் தள்ளிக்கிட்டு வந்து, "தம்பி, அது தண்ணியில்லாம கிடந்துச்சுப்பா, நான் என் கண்ணால பாத்தேன்"னாங்க. அவரு ஒண்ணும் பேசாம போயிட்டாரு.

அடுத்து கம்யூனிட்டி மீடியேஷன் சென்டர், அக்கம்பக்கத்துச் சண்டையைப் பேசித் தீக்கற சமரச நிலையம். அப்போ அங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாதான் உக்கார முடிஞ்சுது, அவரு சம்மதிக்க ஒரு மாசம் ஆச்சு. வரலைன்னா சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றத்துக்குத்தான் போயிருக்கணும், 2015-லேருந்து இருக்கு, எனக்கு அது வரைக்கும் போக மனசே இல்லை. மீடியேட்டர் தீர்ப்பு எதுவும் சொல்றதில்லை, பேச வைக்கறாங்க, அவ்வளவுதான். மொத ஒரு மணி நேரம் தம்பி என்னைப் பாக்கவே இல்லை. நான் நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். புரட்டிக்கிட்டே வந்தவரு ஒரு இடத்துல நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே எழுதலையேக்கா"ன்னாரு. "நீங்க வீட்டுல இருந்தீங்க தம்பி, அதான்"னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்துலயே கைய வச்சிட்டு இருந்தாரு. "என் மனைவி ஆசையா வாங்கின நாய் அக்கா, பாத்தாலே கஷ்டமா இருந்துச்சு, அதான் பின்னாடி போட்டேன்"னு அப்புறம் சொன்னாரு.

ஒத்துக்கிட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நாய் இனிமே ஹால்ல, மின்விசிறிக்குக் கீழ. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் கீழ நடக்க விடணும், ரெண்டு வாரத்துக்குள்ள முடி வெட்டணும், கழுத்துப்பட்டையை எடுத்துடணும். மத்தியானம் எங்க பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் சாவி எடுத்துட்டுப் போய் தண்ணி வச்சுக் கூட்டிட்டுப் போவான், இது நாங்களா கேட்டது. நான் புகார் செய்யறதுக்கு முன்னாடி அவருக்கு மெசேஜ் போடணும், இது அவரு கேட்டது.

முடி வெட்ட மூணு மணி நேரம் ஆச்சாம், சடைக்கு அடியில தோல் புண்ணா இருந்து டாக்டர் கிட்டயும் போனாங்க. லைசென்ஸும் தம்பி பேருக்கு மாறிடுச்சு, கருத்தடை பண்ணின நாய்ங்கறதால வருஷத்துக்கு 15 வெள்ளி, இல்லைன்னா 90.

முதல் வாரம் குரைப்பு குறையவே இல்லை, ஏமாந்துட்டோமோன்னு நெனச்சேன். மூணாவது வாரத்துலேருந்துதான் வித்தியாசம். இப்ப காலையில தம்பி கிளம்பறப்போ அஞ்சு நிமிஷம் குரைக்கும், அப்புறம் படுத்துக்கும். இடி இடிச்சா இன்னும் பயம்தான். போன வாரம் ராத்திரி பெரிய மழை, தம்பி டெலிவரில இருந்தாரு, குரைப்பு கேட்டு நான் எந்திரிக்கறதுக்குள்ள அம்மா கம்பை ஊனிக்கிட்டு ஹாலுக்குப் போய் அந்தச் சுவரைத் தட்டி, "லட்டு, பாட்டி இங்கதான் இருக்கேன், படுடா"ன்னாங்க. ரெண்டு தடவை குரைச்சுட்டு நிறுத்திடுச்சு.